தங்கச்சியின் கள்ளுக்கடை நடை

என் தங்கச்சிக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஆனால் யாரைப்போல வேண்டுமானாலும் நடந்து காட்டுவாள். தோட்டத்து ஆபீஸ் கிராணி தன் வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருவது, வேலை வாங்குகிற மண்டோர் மழையில் வழுக்க வழுக்க மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு போவது, அம்மா தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் ரப்பர் பால்வாளி தொங்க வருவது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பார்ப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துச் சிரித்தால் தானும் கை தட்டிக்கொள்வாள். கண்டுபிடிக்காதவர்களோடு அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் ரப்பர் தோட்டம் மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்தது. அவள் பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் ‘மங்கோல்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள்; டவுன் சிண்ட்ரோம் என்ற பெயர் எங்கள் தோட்டத்துக்கு வர இன்னும் பல வருஷம் இருந்தது. அப்பா சீட்டைக் கிராணியிடம் காட்டினார். மங்கோலியா என்பது சீனாவுக்கு வடக்கே உள்ள நாடு என்று கிராணி விளக்கினார். அப்பா அதுவரை ஈப்போவைத் தாண்டிப் போனதில்லை. வீட்டுக்கு வந்து, ஒன்றுமில்லையாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

ஒன்றுமில்லை என்பது போகப் போக மாறி, ‘அந்த மாதிரிப் பிள்ளை’ என்று ஆனது. இது மிகவும் வசதியான வார்த்தை. சளி பிடித்தால் அந்த மாதிரிப் பிள்ளை, அதனால். நாக்கு வெளியே வந்தால் அதனால். தடுக்கி விழுந்தால் அதனால். லயத்து வீட்டு வரிசையில் மற்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வியாதி வந்தது. என் தங்கச்சிக்கு மட்டும் எதுவுமே வரவில்லை, எல்லாம் அவள் பிறப்பிலேயே இருந்ததாகக் கணக்கு.

அவள் செய்ததிலேயே பேர் போனது அப்பாவின் நடை. அப்பா, ரப்பர் பால் கொண்டு சேர்க்கும் பால் ஸ்டோரில் வேலை செய்தார். சாயங்காலம் குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போலக் கள்ளுக்கடைக்குப் போவார். திரும்பி வரும்போது சட்டை மட்டும்தான் அதே சட்டை. தங்கச்சி ஆறு வயதில் இந்த நடையை நடந்து காட்டியபோது அப்பாவே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என்னையும் சேர்த்து லயத்தில் மற்ற எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

அவளுக்கு எட்டு வயது ஆனபோது எனக்குப் பதினைந்து. மத்தியானம் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வருஷம் அவள் காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பேர் கூப்பிடும் பெரட்டுக்குச் சங்கு ஊதி, அம்மா தலைத்துண்டைக் கட்டிக் கிளம்புகிற நேரம் பார்த்து எடுப்பாள். எடுத்து முடித்தால் தெளிந்துவிடுவாள், ஒன்பது மணிக்குப் பசி வந்துவிடும். அம்மா வேலைக்குப் போவது பிடிக்காமல் செய்கிற சேட்டை என்று நாங்கள் முடிவு செய்தோம். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். பூச்சி ஒன்றும் வரவில்லை. இன்னொரு வேளை கொடுத்தார்.

அதே சமயத்தில் அவள் கள்ளுக்கடை நடிப்பு நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் கேட்டால் நடப்பாள். இப்போது கேட்காமலே நடந்தாள். காலை அகட்டி வைத்து, சுவரை ஒரு கையால் தொட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வருவாள். தண்ணீர் குடிக்கப் போனால் கை டம்ளருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அடேங்கப்பா, டம்ளரைக்கூட விடவில்லை பார், அச்சு அசல் அப்பன்தான் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு நான்தான் வாத்தியார் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டேன்.

மாரியம்மன் திருவிழாவில் மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி இருக்கும். பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் பலகை அடுக்கி மேடை போடுவார்கள். அந்த வருஷம் அவளை நான் மேடையேற்றினேன். யாரும் கேட்கவில்லை, நானே போய்ப் பெயர் கொடுத்தேன். அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, கையில் காலிப் போத்தல் ஒன்றும் கொடுத்தேன். ஐந்தாறு அடி நடந்திருப்பாள். அப்படியே வலது பக்கம் சரிந்து விழுந்தாள். போத்தல் உருண்டு ஓடியது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஒன்ஸ் மோர் என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நான் மேடையில் ஏறி, அவளைத் தூக்கி நிறுத்தி, இன்னொரு தடவை பண்ணு என்றேன்.

“அக்கா, தானா போவுது,” என்றாள்.

அவள் முழுசாகச் சொல்லுகிற வாக்கியங்கள் குறைவு. அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் என்ன செய்தேன் என்றால், கூட்டத்தைப் பார்த்து, “கால் தானா போவுதாம்!” என்று உரக்கச் சொன்னேன். குடிகாரன் பேச்சுக்கூடப் பேசுகிறாளே என்று ஜனம் கொட்டகை அதிரச் சிரித்தது. அவள் இன்னொரு தடவை நடந்தாள். இன்னொரு தடவை விழுந்தாள்.

அப்பா கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. மறுநாள் சாயங்காலம் குளித்து, தலை வாரி, சட்டை போட்டு, வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். போகலையா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றார். அடுத்த நாளும் அப்படியே உட்கார்ந்தார். முதல் வாரம் கை நடுங்கியதில் தேநீர் பாதி சட்டையில் போனது. கூட்டாளிகள் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். பிள்ளை பார்த்துப் பழகுது, நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினார். இருபது வருஷம் குடித்த மனுஷன், ஒரு எட்டு வயதுப் பிள்ளையிடம் தோற்றுப்போய் நிறுத்தியதை லயமே மூக்கின்மேல் விரலை வைத்துப் பார்த்தது.

மூன்று வாரம் போனது. அப்பா நிறுத்திவிட்டார். அவள் நிறுத்தவில்லை.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. பிறகு வேறு எதுவோ வந்தது. சாயங்காலம் செய்வதற்கு அவருக்கு இப்போது வேறு வேலை இல்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சத்தம் போடாமல் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பின்கட்டில் தங்கச்சி தண்ணீர்க் குழாயை நோக்கித் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். எங்களை அவள் பார்க்கவில்லை. அங்கே வேறு ஆளும் இல்லை. சுவரைப் பிடித்து, காலை அகட்டி, ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். சுவர் முடிகிற இடத்தில் நின்று, குழாயைப் பார்த்து, உட்கார்ந்து தவழ்ந்து போனாள்.

“யாருமே இல்லாத எடத்துல யாருக்குடி நடிக்கிறா?” என்றார் அப்பா.

அப்பா மெதுவாக, பால் ஸ்டோர் வேலையை விளக்குகிற மாதிரி விளக்கினார்.

“குடிச்சவன் நடை எனக்குத் தெரியும்லா. ரெண்டு பக்கமும் ஆடுவான். இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பான். இவ ஒரே பக்கம் போறா பாரு. சோத்துக்கைப் பக்கம். இது என் நடை இல்ல.”

படித்த டிரஸ்ஸருக்குத் தெரியாதது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு இருபது வருஷம் ஆனது, கற்றுக்கொண்ட இடம்தான் கொஞ்சம் சரியில்லை.

மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு டிரஸ்ஸரிடம் போனார். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கை கால் பலம் அப்படித்தான் இருக்கும், வயது ஏற ஏற மோசமாகத்தான் போகும், எதற்கு வீண் அலைச்சல் என்று டிரஸ்ஸர் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி பூச்சி மருந்தை எடுத்தார். அப்பா மருந்தை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு அரைநாள் பேர் வெட்டு, அரைநாள் கூலி போனது. நான் பள்ளிக்கு மட்டம். மூவரும் பஸ் பிடித்து ஈப்போவுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு சீன லேடி டாக்டர். அப்பாவுக்குத் தெரிந்தது கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய்தான். அதில் அவர் ‘ஒரே பக்கம், இரண்டு பக்கம்’ என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். டாக்டருக்கு விளங்கவில்லை. கடைசியில் அப்பா எழுந்து நின்று, அந்த அறையிலேயே கள்ளுக்கடையிலிருந்து வீடுவரை நடந்து காட்டினார். பிறகு, இது நான், இப்போது இவள் என்று சொல்லி, வலது பக்கமே சாய்ந்து சாய்ந்து நடந்தார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அட்டெண்டர், காலையிலேயே ஒருத்தன் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நடக்கச் சொன்னார்.

பிறகு தங்கச்சியை நடக்க வைத்தார். மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்றார். இது நல்ல விளையாட்டாக இருக்கிறதே என்று அவள் டாக்டரின் மூக்கைத் தொடப் போனாள், காதுதான் கிடைத்தது. விளக்கு வைத்த ஒரு சின்னக் கருவியால் டாக்டர் அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். கண் நரம்பு வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, ஒரு கட்டி இருக்கலாம் என்றார். காலை வாந்தியும் அதனால்தான். இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் வருவதைப் பார்த்திருக்கிறோம், மூளையில் கட்டி வருவது மிகவும் அபூர்வம், அதனால் யாருக்கும் சட்டென்று தோன்றாது என்று சொன்னார். அப்பாவைப் பார்த்து, நீங்கள் பார்த்தது சரி என்றார். அப்பா அதற்கு ஏதோ தப்பு செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து அவர் கேட்டது, இது எப்போது ஆரம்பித்தது என்று. சாதாரணக் கேள்விதான். எங்களால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது நடிப்பு. போன வாரம் நடந்தது நோய். நடுவில் எந்த நாள் அது முடிந்து இது ஆரம்பித்தது? அவளோடு மத்தியானம் முழுக்க இருந்தவள் நான். மேடை ஏற்றியவளும் நான். தானா போவுது என்று அவள் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். எந்தத் தேதி என்றார். திருவிழாவின் மூன்றாம் நாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்போது செத்துப்போகலாம்போல இருந்தது. இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இன்னும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

கோலாலம்பூரில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுமூளையில் வலது பக்கம் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டால் சில வாரம்தான் என்றார்கள். அப்பா யோசித்துச் சொல்ல ஒரு நாள் கேட்டார். அவரைப் பார்க்க அம்மாவின் அண்ணன் சித்தியவானிலிருந்து ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார்; எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அந்த மாதிரிப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு சூசா, இவ்வளவு கஷ்டம், சாமியே கூப்பிடுது, விட்டுடலாமே என்றார் மாமா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “சோறு ஆறுது மச்சான், சாப்பிடுங்க,” என்றார். மாமா சாப்பிட்டார். அப்பா அன்று மத்தியானமே போய்க் கைநாட்டு வைத்தார்.

முடிந்தவரை எடுத்தார்கள். தலைக்குள் தேங்கிய தண்ணீர் இறங்க ஒரு குழாயும் வைத்தார்கள். பிறகு கரண்டு வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். அம்மா வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். மொட்டைத் தலையோடு வீடு வந்து சேர்ந்தவள் வந்த அன்றே ஒரு நர்ஸ் மிஸ்ஸி மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதை நடந்து காட்டினாள். தட்டு நேராக இருந்தது. நடையும் ஏறக்குறைய நேராக இருந்தது. வாந்தி நின்றுவிட்டது. அப்படியே ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதத்தில் அம்மாவின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பல் தெரிந்தது, அவ்வளவு சிரித்தாள்.

ஆறாம் மாதம் மறுபடி சாய ஆரம்பித்தாள். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர்கள் பார்த்தார்கள், ஒருவரோடொருவர் பேசினார்கள், இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மா அவர்கள் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வந்து தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கட்டிலை வாசலோரம் இழுத்துப் போட்டோம். அவளால் எழ முடியவில்லை. வாயில் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒரு சாயங்காலம் அப்பாவின் கையைத் தட்டி, “நட,” என்றாள். அப்பா வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். தலையை ஆட்டினாள். அது இல்லையாம். அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, லயத்தின் கோடிவரை போய், அங்கிருந்து ஆடி ஆடி வந்தார். இரண்டு பக்கமும் ஆடினார். எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் சாக்கடையைத் தாண்ட முடியாமல் நின்று, அதோடு பேச்சுவார்த்தை நடத்தினார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டிலில் இவளும் சிரித்தாள். சத்தம் வரவில்லை, ஆனால் சிரித்தாள்.

பிறகு தினமும் நடந்தது. எதிர் வரிசையில் பேச்சும் கிளம்பியது. பிள்ளை சாகக் கிடக்கிறது, இவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான், இவனெல்லாம் ஒரு அப்பனா என்று பேசினார்கள். கிராணி கூப்பிட்டுப் புத்தி சொன்னார். அப்பா, சரிங்கய்யா என்று கேட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதே போய் நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று கிளம்பினேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நான் நடிக்கிறேன்னு தெரிஞ்சா பாவம் பாக்க ஆரம்பிச்சிருவாங்க பாப்பா. சிரிக்க மாட்டாங்க. அவங்க சிரிச்சாத்தான் இவ சிரிக்கிறா.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன். அவர் கோடிக்குப் போனார்.

பதினெட்டு நாள் அப்படி நடந்தார். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். அம்மா மடியில் தலை இருந்தது. அப்பா வேலையிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு லயம் முழுக்க வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகையோடு அழுகையாக, இந்தப் பச்சைப் பிள்ளை முன்னாலேயே தினம் குடித்துவிட்டு ஆடினாரே, அதுக்கு எப்படி இருந்திருக்கும் என்றார். அம்மா அழுகையை நிறுத்தினாள்.

“ஒரு வருஷமாச்சு, அவரு ஒரு சொட்டு தொடல. அவ கேட்டா, நடந்தாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். அது பெண்கள் வழியாக வாசலுக்குப் போய், வாசலிலிருந்து பந்தலுக்குப் போனது. பக்கத்து வீட்டு அண்ணன், அப்பா ஆடி வந்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், எழுந்து அப்பா முன்னால் வந்து நின்றார். துண்டைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“நல்லா சிரிச்சீங்கண்ணே,” என்றார். “அவளுக்குக் கேட்டுச்சு.”